நுழைகழியின் உருவாக்கம்: நோர்வேயின் சொக்னே நுழைகழியை முன்வைத்துச் சில குறிப்புகள்

என்றிக் இப்சன் 1888 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கடலிலிருந்து வந்த பெண்’ என்னும் நாடகத்தைப் பயின்றோர், அதன் தலைவியாகிய எலிடாவின் முறைப்பாடொன்றை மறந்திரார். திறந்த கடலோரத்தே கலங்கரை விளக்கக் காவலரின் மகளாக வளர்ந்த அவள், மணமாகி, நுழைகழியொன்றின் கரையில் அமைந்த சிறு நகரிலே வாழ்கிறாள். நாள்தோறும் நீராடுகிறாள். ஆயினும் அந்நீர் அவளுக்குக் கடலாகத் தோன்றுவதில்லை. அது வெதுவெதுப்பானது, சோர்வுற்றது, நோய்ப்பட்டது என்று கூறுகிறாள்.

இம்முறைப்பாடு பெரும்பாலும் அவளது மனநிலையின் குறியீடாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. மூச்சுமுட்டும் இல்லறமே தேங்கிய நீராக உருவகப்படுத்தப்படுகிறது என்பர். இவ்விளக்கத்தை மறுப்பது எமது நோக்கமன்று. எனினும் குறியீடுகள் வெறுவெளியிற் பிறப்பனவல்ல. எலிடா கூறுவது பௌதிகப் புவியியலின்படியும் உண்மையே. நுழைகழியின் நீர் திறந்த கடலின் நீரைப் போன்றதன்று. அது ஏன் வேறுபட்டது என்ற வினாவுக்கு விடை காணப் புகுந்தால், பனிக்கட்டிக் காலங்களுக்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கும். அங்கிருந்து முன்னோக்கி வந்தால், இருபதாம் நூற்றாண்டின் அலுமினிய ஆலைகளையும் நீர்வலு உடைமை பற்றிய சட்டங்களையும் வந்தடைவோம். இக்கட்டுரை அவ்வழியே செல்ல முற்படுகின்றது.

1. நுழைகழி எனும் நிலவுருவம்

நோர்வே மொழியில் ஃபியோர்ட் எனப்படுவதையே எமது புவியியல் நூல்கள் நுழைகழி என வழங்குகின்றன. செங்குத்தான சுவர்களைக் கொண்டதும், நிலத்தினுள் நெடுந்தூரம் ஊடுருவிச் செல்வதும், பனிக்கட்டியாற்றினால் அகழப்பட்டுப் பின்னர் கடல்நீரால் நிரம்பியதுமான பள்ளத்தாக்கே நுழைகழியாகும். நோர்வே, கிறீன்லாந்து, அலாஸ்கா, சிலியின் தென்பகுதி, நியூசிலாந்தின் தென்மேற்குக் கரை ஆகிய இடங்களில் இவை சிறப்புற அமைந்துள்ளன. இவை யாவும் உயர் அகலக்கோடுகளிலே, ஈரக்காற்று மலைகளில் மோதும் கரைகளிலே காணப்படுகின்றன. பனி திரளுவதற்கு மழைவளமும் மலையுயரமும் ஒருங்கே வேண்டியிருந்தமையே இதற்குக் காரணம்.

நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள சொக்னே நுழைகழி இவ்வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு எனலாம். சூலுண்ட் தீவுகளின் அருகே தொடங்கி, ஷொல்டன் என்னும் ஊர்வரை ஏறத்தாழ 205 கிலோமீற்றர் உள்நோக்கிச் செல்கிறது. அதன் மிகக் கூடிய ஆழம் ஏறத்தாழ 1,300 மீற்றர். நீர்மட்டத்தின் மேலே மலைச்சுவர்கள் ஆயிரம் மீற்றருக்கும் அதிகமாக உயர்கின்றன. எனவே பயணி காண்பது பள்ளத்தாக்கின் மேற்பாதியை மட்டுமே. மற்றப் பாதி நீரினுள் மறைந்து கிடக்கின்றது. லுஸ்ட்ரா, ஓர்டால், லார்டால், அவுர்லாண்ட், ஃபியார்லாண்ட் முதலிய கிளைகள் உட்பகுதியிலே இதனுடன் இணைகின்றன. 2005 இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நேரோய் நுழைகழியும் இதன் கிளைகளுள் ஒன்றே. அதன் மிக ஒடுங்கிய இடத்தின் அகலம் ஏறத்தாழ 250 மீற்றர் மட்டுமே.

2. பனிக்கட்டியின் தொழில்

ஆறு தன் பள்ளத்தாக்கை அரிக்கும்போது கடல்மட்டமே அதற்கு எல்லையாக அமைகின்றது. கடலை அடைந்த ஆறு, மேலும் கீழ்நோக்கி அகழும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுகிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கொன்று கடலில் மூழ்கினால் ஆழங்குறைந்த முகத்துவாரம் தோன்றுமேயன்றி, 1,300 மீற்றர் ஆழமான நுழைகழி தோன்றாது. அப்படியாயின் கடல்மட்டத்தின் கீழ் இத்துணை ஆழத்தை அகழ்ந்தது எது?

இவ்வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அறிஞரை ஆட்கொண்டது. கிறிஸ்தியானியாவிற் பேராசிரியராக விளங்கிய யென்ஸ் எஸ்மார்க், தென்மேற்கு நோர்வேயின் லீசே நுழைகழிக்கு அண்மையில், கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத இடமொன்றிலே, பனிக்கட்டியாறுகள் விட்டுச் செல்லும் கல்மண் திரள்களை ஒத்த நீண்ட மேடொன்றைக் கண்டார். முன்னொரு காலத்தில் பனிக்கட்டி அவ்விடம்வரை பரந்திருக்க வேண்டும் என்ற முடிவை 1824 இல் வெளியிட்டார். லூயி அகாசி பனிக்கட்டிக் காலக் கொள்கையை 1837 இல் முன்வைப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது இது. பின்னர் 1913 இல் பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர் ஜே. டபிள்யூ. கிறெகரி, நுழைகழிகள் புவியோட்டின் வெடிப்புகளால் உருவானவை என்றும், பனிக்கட்டியின் பங்கு சிறிதே என்றும் விரிவாக வாதிட்டார்.

இன்றைய ஆய்வு இவ்விரு நிலைப்பாடுகளையும் உரிய இடத்தில் வைக்கின்றது. நுழைகழிகளின் திசைகள் பெரும்பாலும் பழைய வெடிப்புக் கோடுகளையும் பனிக்கட்டிக் காலத்துக்கு முந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் பின்பற்றுகின்றன. இவ்வளவில் கிறெகரியின் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அவற்றின் ஆழமும் வடிவமும் பனிக்கட்டியின் வேலையே. பலவீனமான பாறைவழி வாய்ப்பை அளித்தது. அவ்வாய்ப்பைப் பள்ளமாக மாற்றியது பனிக்கட்டியின் உழைப்பு.

அவ்வுழைப்பின் முறையைச் சிறிது நோக்குவோம். ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய காலப்பகுதியிலே ஸ்கந்திநேவிய மலைகள் மீண்டும் மீண்டும் பனிக்கட்டியால் மூடப்பட்டன. பெருந்தடிப்பான பனிக்கட்டி தன் பாரத்தினால் மெல்ல ஒழுகும் இயல்புடையது. அமுக்கம் கூடும்போது பனிக்கட்டியின் உருகுநிலை சற்றுத் தாழ்வதாலும், புவியின் வெப்பத்தாலும் உராய்வாலும், தடித்த பனிக்கட்டியின் அடியில் மென்னீர்ப் படை உண்டாகி அது வழுக்கிச் செல்ல உதவுகிறது. அவ்வாறு வழுக்கும் பனிக்கட்டி இருவகையாற் பாறையைத் தின்னுகிறது. முதலாவது, அடியிற் பதிந்த கற்களைக் கொண்டு பாறையை அராவுதல். இரண்டாவது, வெடிப்புகளிற் புகுந்த நீர் உறைந்து பற்றிக்கொள்ள, பாறைத் துண்டங்களைப் பறித்துச் செல்லுதல். முன்னையது பாறையை மெருகிட்டு நீண்ட கீறல்களை விட்டுச் செல்லும். பின்னையது படிபடியான முரட்டு முகங்களை ஆக்கும். அடியில் ஓடும் உருகுநீர் தூளையும் மணலையும் வாரிச் செல்லும்.

எல்லா இடத்தும் இவ்வேலை ஒரே அளவில் நடைபெறவில்லை. உயர்ந்த மேட்டுநிலங்களில் மெல்லிய பனிக்கட்டி பாறையோடு உறைந்து ஒட்டிக்கிடந்தமையால் அங்கு தின்னல் மிகக் குறைவு. பள்ளத்தாக்குகளிலோ தடித்த பனிக்கட்டி ஒடுங்கி விரைந்து சென்றது. பள்ளம் ஆழமாக ஆக, மேலும் பனிக்கட்டி அங்கு திரண்டது. மேலும் திரளத் திரளப் பள்ளம் மேலும் ஆழமாயிற்று. விளைவே காரணமாக மாறும் இப்போக்கினாலேயே, மேலே அலையலையான பழைய மேட்டுநிலமும் அதன் நடுவே திடீரென வெட்டப்பட்ட பெரும் பள்ளமும் அருகருகே நிற்கின்றன. கிளைகள் வந்து சேரும் இடங்களுக்கு அப்பால் பிரதான பள்ளம் சட்டென ஆழமாதலும் இதனாலேயே.

பனிக்கட்டியாறு கடல்மட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று. கடல்நீரிலும் அடர்த்தி சிறிது குறைந்ததாகையால், போதிய தடிப்பு உள்ளவரை அது மிதக்காது அடித்தளத்தைப் பற்றிக்கொண்டே அகழும். 1,300 மீற்றர் ஆழமான கடல்நீரில் மிதக்காதிருக்க, ஏறத்தாழ 1,450 மீற்றர் தடிப்பான பனிக்கட்டி போதுமானது. சொக்னேயின் மேல் அதனிலும் தடித்த பனிக்கட்டி கிடந்த காலங்கள் உண்டு. ஆற்றினால் இயலாதது பனிக்கட்டிக்கு இயன்றமைக்கு இதுவே காரணம்.

சிறிய கிளைப் பனிக்கட்டியாறுகள் பிரதான ஆற்றைப் போல் ஆழமாக அகழ இயலவில்லை. ஆகவே பனி உருகிய பின் அவற்றின் பள்ளத்தாக்குகள் பிரதான பள்ளத்தின் சுவரிலே உயரத்திற் தொங்கி நின்றன. இவையே தொங்கு பள்ளத்தாக்குகள். இவற்றின் வாயிலிருந்து அருவிகள் நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே விழுகின்றன. இவ்வருவிகளைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

3. வாயிலில் ஒரு மேடு

நுழைகழியின் நெடுக்குவெட்டுமுகத்தை வரைந்து பார்ப்பவர் ஒரு புதுமையைக் காண்பார். ஆழம் வாயை நோக்கி அதிகரிப்பதில்லை. சொக்னேயின் நடுப்பகுதி 1,300 மீற்றர் ஆழமாயிருக்க, அதன் வாயருகே நீரின் ஆழம் 200 மீற்றருக்கும் குறைவே. உள்ளே ஆழ்ந்த தொட்டி. வாயிலே பாறை மேடு.

இதன் காரணமும் பனிக்கட்டியின் நடத்தையிலேயே உண்டு. ஒடுங்கிய பள்ளத்தாக்கை விட்டுக் கரையோரச் சமவெளியை அடைந்த பனிக்கட்டி, பக்கங்களிற் பரந்து மெலிந்தது. கடலை எட்டியபோது மிதந்து உடைந்தது. அகழும் ஆற்றல் அவ்விடத்திற் குன்றியது. பல நுழைகழிகளில் பனிக்கட்டியாறு கொண்டுவந்து கொட்டிய கல்மண் திரளும் இம்மேட்டை மேலும் உயர்த்தியுள்ளது.

எலிடாவின் முறைப்பாட்டுக்கான விடை இம்மேட்டிலே தொடங்குகிறது.

4. நீரின் அடுக்குகள்

வேனிற் காலத்தில் ஆறுகளும் உருகும் பனியும் நுழைகழியினுள் பெருமளவு நன்னீரைக் கொட்டுகின்றன. நன்னீர் உப்புநீரிலும் இலேசானது. ஆகவே அது சில மீற்றர் தடிப்பான, உவர்ப்புக் குறைந்த மேற்படையாக மிதந்து, மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. அதன் கீழே கடல்நீர் எதிர்த்திசையில் உள்ளே வருகிறது. அடர்த்தி வேறுபாடு இவ்விரு படைகளும் எளிதிற் கலவாதவாறு தடுக்கின்றது. மலைச்சுவர்கள் திறந்த கடலின் அலைகளைத் தடுத்துவிடுகின்றன. இவ்வாறு தனித்து நிற்கும் மெல்லிய மேற்படையை வேனில் வெயில் விரைவிற் சூடாக்கிவிடுகிறது. நீராடுபவருக்கு அது வெதுவெதுப்பாகவும், உப்புக்குறைந்ததாகவும், அலையற்றதாகவும் தோன்றுவது இயல்பே.

மேட்டின் மட்டத்துக்குக் கீழே மூன்றாவது நீர்த்திணிவொன்று உண்டு. தொட்டியினுள் அடைபட்ட இந்நீர், வெளியிலிருந்து அதனிலும் அடர்த்தியான நீர் மேட்டைக் கடந்து வரும்போது மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. மேடு ஆழமாக இருந்தால் இது அடிக்கடி நிகழும். மேடு உயர்ந்து வாய் அடைபட்டிருந்தால் நெடுங்காலம் நிகழாது. சொக்னேயின் மேடு போதிய ஆழத்தில் இருப்பதால் அதன் அடிநீரில் ஒட்சிசன் உண்டு. ஆனால் நோர்வேயின் தென்கோடியிலுள்ள ஃபிராம்வாரன் நுழைகழியின் நிலை வேறு. 183 மீற்றர் ஆழமுடைய அதன் வாயிலே நீரின் ஆழம் ஏறத்தாழ 2 மீற்றர்தான். அங்கு ஏறத்தாழ 20 மீற்றருக்குக் கீழே ஒட்சிசன் முற்றாக இல்லை. ஐதரசன் சல்பைட்டு நிறைந்த அந்நீரிற் சிலவகை நுண்ணுயிர்களே வாழ்கின்றன. நோய்ப்பட்ட நீர் என்ற தொடரை அங்கு உருவகமாகக் கொள்ள வேண்டியதில்லை.

நாடகாசிரியன் நீரியல் கற்றவனல்லன். ஆனால் 1862 இல் நாட்டார் கதைகளைச் சேகரிப்பதற்காகச் சொக்ன் பகுதியினூடாகவும் மேற்குக் கரையோரமாகவும் பயணஞ் செய்தவன். அக்கரைகளில் வாழ்வோர் தம் அனுபவத்தால் அறிந்ததை அவன் கலையாக்கினான். ‘பேய்கள்’ நாடகத்தில் நுழைகழியை மறைத்து ஓயாது பெய்யும் மழையும் அவ்வாறே அனுபவம் சார்ந்தது. அத்திலாந்திக்கின் ஈரக்காற்று கரையோர மலைகளில் ஏறுவதால், சொக்னேயின் வாயருகேயுள்ள பிறெக்கே என்னுமிடத்தில் ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. உட்பகுதியில் மழைநிழலில் அமைந்த லார்டால் பள்ளத்தாக்கு பெறுவதோ ஏறத்தாழ 500 மில்லிமீற்றர். அங்கு உழவர் வாய்க்கால் வெட்டிப் பயிர்களுக்கு நீர் பாய்ச்சினர். ஒரே நுழைகழியின் இரு முனைகளிலும் இருவேறு காலநிலைகள் நிலவுகின்றன.

5. பனி நீங்கிய பின்னர்

ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்னர் இறுதிப் பனிக்கட்டிக் காலம் முடிவுற்றது. பனிக்கட்டி உருக, கடல் பள்ளத்தாக்கினுட் புகுந்தது. அதேவேளை, பாரம் நீங்கிய நிலமும் மெல்ல உயர்ந்தது. அன்றைய கடல்மட்டத்தில் ஆறுகள் படியவைத்த கழிமுகத் திட்டுகள் இன்று நீர்மட்டத்துக்கு மேலே தட்டையான மேடைகளாக நிற்கின்றன. செங்குத்துச் சுவர்களுக்கிடையே உழுதற்கேற்ற நிலம் பெரும்பாலும் இம்மேடைகளிலும் ஆற்றுவாய்களிலுமே கிடைத்தது. பண்ணைகளும் கோயில்களும் அங்கேயே எழுந்தன.

இந்நிலத்தின் நிலையாமைக்கு இரு சான்றுகள் போதும். சொக்னேயின் வடக்கே ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப்பெரிய பனிக்கட்டியாறாகிய யொஸ்டெடால் பனித்திடல் கிடக்கிறது. அதன் நாக்குகளுள் ஒன்றான நிகார்ட், பதினெட்டாம் நூற்றாண்டிலே பள்ளத்தாக்கினுள் முன்னேறிப் பண்ணை நிலங்களை விழுங்கியது. 1748 அளவில் உச்ச எல்லையை அடைந்தது. இவ்வரலாற்றை நாம் அறிவதற்கு உதவும் சான்றுகளுள் முக்கியமானவை, நிலமிழந்த உழவர் 1740களில் வரிக்குறைப்புக் கோரியமை பற்றிய பதிவுகளாகும். பனிக்கட்டி நிலத்தைத் தின்ற பின்பும் அந்நிலத்துக்கான வரி நின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. இயற்கையின் வரலாறு இவ்விடத்து அரசிறைக் கணக்கேட்டினூடாகவே எம்மை வந்தடைகின்றது. அதன் பின்னர் நிகார்ட் பல கிலோமீற்றர் பின்வாங்கியுள்ளது.

இரண்டாவது சான்று கொடியது. பனிக்கட்டி மலைச்சுவர்களைச் செங்குத்தாக்கியதோடு அவற்றைத் தாங்கியும் நின்றது. அத்தாங்கல் நீங்கியதும் பாறை தளர்ந்து சுவருக்கு இணையாக வெடித்தது. வெடிப்புகளில் நீர் புகுவதும் உறைவதும் அவற்றை மேலும் விரித்தன. 1934 ஏப்பிரல் 7 ஆம் நாள், சொக்னேக்கு வடக்கே சுன்மோரப் பகுதியிலுள்ள தாஃபியோர்ட் நுழைகழியினுள் இருபது இலட்சம் கனமீற்றருக்கும் அதிகமான பாறை சரிந்து வீழ்ந்தது. எழுந்த அலை சரிவின் அருகே 60 மீற்றருக்கும் மேல் ஏறியது. ஒடுங்கிய சுவர்களுக்கிடையே சிதறிப்போக இடமின்றி ஓடிய அவ்வலை 40 உயிர்களைக் கொண்டுசென்றது. அதே பகுதியின் ஒக்கர்னெஸ் மலைச்சரிவு இன்று கருவிகளால் இடையறாது கண்காணிக்கப்படுகிறது.

6. அருவியும் மூலதனமும்

1848 இல் திடெமாண்ட், கூட ஆகிய ஓவியர் இருவர் சேர்ந்து ஹர்டாங்கர் நுழைகழியிற் செல்லும் மணவூர்வலமொன்றை வரைந்தனர். அமைதியான நீர், ஒளிரும் மலை, விழாக்கோல உழவர்: தேசிய உணர்வு வளர்ந்த காலத்தில் நுழைகழியே நோர்வேயின் முகமாயிற்று. ஆனால் அவ்வோவியம் காட்டாதன பல. பண்ணைக்காரரின் நிலத்தோரத்தில் உழைப்புக்கு ஈடாகக் குடிசையும் துண்டு நிலமும் பெற்று வாழ்ந்த ஹுஸ்மன் குடிகள் மிகப் பலர். 1825 இல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலத்தில் எட்டு இலட்சம் நோர்வேயர் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். சொக்ன் பகுதி அவர்களை மிகுதியாக அனுப்பிய பகுதிகளுள் ஒன்று. நிலம் ஒடுக்கமாயிருந்தமை உண்மை. ஆனால் ஒடுங்கிய நிலம் யாரிடம் இருந்தது என்பதே யார் கப்பலேறுவது என்பதைத் தீர்மானித்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. உழவுக்கு இடையூறாயிருந்த அதே நிலவுருவம் மின்சாரத்துக்கு ஒப்பற்ற வசதியாயிற்று. மேட்டுநிலத்தில் ஏரிகள், தொங்கு பள்ளத்தாக்கிலிருந்து செங்குத்தான வீழ்ச்சி, அதன் அடியிலேயே, வெப்பமான அத்திலாந்திக்கு நீரோட்டத்தால் பெரும்பாலும் உறையாத, பெருங்கப்பல் அணையக்கூடிய ஆழ்கடல். ஹர்டாங்கரின் கிளையொன்றிலுள்ள ஒடாவில், டிஸ்ஸெடால் மின்னிலையத்தின் வலுவைக் கொண்டு 1908 இல் காபைட்டு ஆலை இயங்கத் தொடங்கியது. சொக்னேயின் கரையிலே ஹோயாங்கரில் அலுமினிய ஆலை எழுந்தது. ஓர்டாலில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர் போர்க்காலத்தில் தொடங்கிய ஆலையை, விடுதலைக்குப் பின்னர் அரசு பொறுப்பேற்று 1948 இல் உற்பத்தியைத் தொடக்கியது.

அருவிகளை வாங்கக் குவிந்த மூலதனத்திற் பெரும்பகுதி அந்நிய நாட்டது. 1905 இல் சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து விலகிய நோர்வே, மறு ஆண்டே இதனைக் கட்டுப்படுத்த முற்பட்டது. 1909 ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதிக் காலம் முடிவுற்றதும் அருவியும் மின்னிலையமும் இழப்பீடின்றி அரசைச் சாரும் என்ற விதியை நிலைநாட்டியது. இன்று அந்நாட்டு நீர்மின்வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பொது உடைமையாக இருப்பதற்கு அப்போராட்டம் ஒரு முதன்மைக் காரணம்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. பொது உடைமையான மின்சாரம் இலாபம் தேடும் ஆலைகளையும் இயக்கியது. ஆலைகளுக்கான அலுமினா பிரேசில் போன்ற வெப்பமண்டல நாடுகளிலிருந்து வருகிறது. அங்குள்ள சுரங்க மண்ணின் கதை நுழைகழியின் அழகிய படங்களில் இடம்பெறுவதில்லை. ஒடாவைச் சார்ந்த கிளை நுழைகழியோ, நாகம் முதலிய உலோகக் கழிவுகளால் 1970களில் உலகின் மிக மாசுற்ற நுழைகழிகளுள் ஒன்றாகப் பெயர்பெற்றது. 2015 இல் ஃபோர்டே நுழைகழியின் அடியிலே சுரங்கக் கழிவைக் கொட்ட அரசு அனுமதி வழங்கியது. சூழலியக்கத்தினர் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். ஆழ்ந்த தொட்டி கழிவை மறைத்து வைக்கும் என்பது ஒரு தரப்பின் கணக்கு. அதே தொட்டியின் அடிநீரை நம்பி மீனும் மீனவரும் வாழ்கின்றனர் என்பது மறுதரப்பின் கணக்கு. வாயின் மேடு என்ற புவியியல் உண்மை இங்கு நேரடியாக அரசியல் வினாவாகின்றது.

7. இயற்கையும் விதியும்

ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒடுங்கிய மனத்தை ஆக்கியது என்றும், உயர்ந்த மலை சுதந்திர உணர்வை ஆக்கியது என்றும் இலக்கிய வரலாறுகள் எழுதுவதுண்டு. ஒரே மலை இவ்விரண்டையும் ஆக்க வல்லதாயின், அது எதனையும் விளக்கவில்லை என்பதே பொருள். 1890 ஆம் ஆண்டு யூனில் பவுல் ஏர்ண்ஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்சு, இப்சனின் மாந்தரிடம் காணப்படும் தன்முனைப்பை விளக்கும்போது, நோர்வே உழவன் ஒருபோதும் பண்ணையடிமையாக இருந்ததில்லை என்ற வரலாற்று உண்மையையே முதன்மைப்படுத்தினார். நாட்டின் தனிமையையும் இயற்கை நிலைமைகளையும் அவர் புறக்கணிக்கவில்லை. உற்பத்தி நிலைமைகளோடு சேர்த்தே கருதினார். அடுத்த மாதமே அவர் கப்பலேறி நோர்வேக் கரையோரமாக வடமுனை வரை சென்றமையும் நினைவுகூரத்தக்கது.

நுழைகழி எமக்குக் கற்பிப்பதும் இதுவே. பனிக்கட்டி அகழ்ந்த பள்ளம் ஒன்றே. உழவனுக்கு அது குறுகிய வயலாயிற்று. ஓவியனுக்குத் தேசத்தின் முகமாயிற்று. மூலதனத்துக்கு மலிவான வலுவாயிற்று. எலிடாவுக்குச் சோர்ந்த நீராயிற்று. பாறையும் நீரும் சாத்தியங்களையும் எல்லைகளையும் வகுத்தன. அவற்றுள் எது, யாருக்காக, யாருடைய இழப்பில் மெய்ப்படும் என்பதை மனிதரிடையேயுள்ள உறவுகளே தீர்த்தன. ஆகவே இப்சனைப் படிப்பவர் நுழைகழியின் நீரையும் அறிதல் வேண்டும். நுழைகழியைப் படிப்பவர் அதன் கரையில் வரிக்குறைப்புக் கேட்டு நின்ற உழவனையும் அறிதல் வேண்டும்.